இலைவயிறு

பசி முதலில் வயிற்றில் தெரியாது. முழங்காலில்தான் தெரியும். எழுந்து நின்றால் இரண்டு முழங்காலும் ஊறிய அகத்திக்குச்சி மாதிரி மடங்கும். அப்புறம் காது அடைக்கும், வாய் கசக்கும். வயிறு கடைசியில்தான் பேசத் தொடங்கும். யாரும் கேட்கவில்லையென்றால் அதுவும் ஓய்ந்துவிடும்.

கடல் உள்ளே வந்த வருஷம் கோகிலா இதையெல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தின் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு கற்றாள். பக்கத்தில் புருஷன் மதன். அந்தப் பக்கம் மதனின் தங்கை அபிராமி. தென்னோடையின் கீழத்தெரு முழுக்க அந்த மண்டபத்தில்தான் கிடந்தது. அரிசி வருகிறது, படகு கிளம்பிவிட்டது என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மண்டபத்து மாடியில் நின்று பார்த்தால் பண்ணையின் நெல் கிடங்கு தெரிந்தது. மேட்டில் கட்டிய கிடங்கு. ஒரு மூட்டை நனையவில்லை. வாசலில் துப்பாக்கியோடு போலீஸ் நின்றது. அந்த நெல்லை நட்டவள் கோகிலா. களை பறித்தவள் அபிராமி. அறுத்துச் சுமந்தவன் மதன். இவர்களிடமிருந்து நெல்லைக் காப்பாற்றத்தான் அந்தத் துப்பாக்கி.

பண்ணை என்றால் பழைய மிராசுதார் பண்ணை இல்லை. ஏதோ ஒரு கம்பெனி கடைமடை நிலம் முழுவதையும் வளைத்துப் போட்டிருந்தது. முதலாளியின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் மேலாளர் தனசேகர்தான். பேர் மாறினாலும் வேலை மாறாததால் பண்ணை என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

அரிசிப் படகு வரவில்லை. டாக்டர் நிரஞ்சனாவின் படகு வந்தது. அதில் ஐஸ் பெட்டிகள் இருந்தன. பெட்டிக்குள் சின்னச் சின்னக் குப்பிகள்.

"என்ன மாத்திரைம்மா இது?" என்றான் மதன். தலையைத் தூக்க முடியாமல் படுத்தபடியே கேட்டான்.

"மாத்திரை இல்லை. உயிர். கறையான் கட்டையைத் தின்னு செரிக்குது, ஆடு சருகைத் தின்னு செரிக்குது. அதெல்லாம் அதுங்க தானா செரிக்கிறதில்லை. வயித்துக்குள்ள இருக்கிற கிருமிங்க செரிச்சுக் குடுக்குது. அந்தக் கிருமிங்களை மனுஷக் குடலுக்குப் பழக்கி வளர்த்திருக்கோம். குடியேறிடுச்சுன்னா புல்லு, தழை, வைக்கோல் எல்லாமே உங்களுக்குச் சாப்பாடு."

"அப்ப மாடாயிடுவமா?"

"கொம்பு முளைக்காது."

"வாலு?" என்றாள் அபிராமி. அந்த நிலைமையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கோகிலா சிரிக்கவில்லை. "நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டுப் பார்த்தேன். பிடிக்கலை. குடல் சுத்தமா காலியா இருந்தாத்தான் இது குடியேறும். நாள்கணக்கா பட்டினி கிடந்த குடல் வேணும். நான் ரெண்டு நாள்ல சாப்பிட்டுட்டேன்."

"பட்டினி கெடந்தவனுக்குத்தான் வேலை செய்யும்."

"ஆமாம்."

"அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்துருக்கீங்க" என்று கோகிலா கையை நீட்டினாள்.

தண்ணீர் வடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். வயலெல்லாம் உப்புப் பொரிந்து வெள்ளையாகக் கிடந்தது. ஊருக்கு வடக்கே இருந்த திடல் மட்டும் பச்சையாக இருந்தது. திடல் என்பது வயல்களுக்கு நடுவே தானாக உயர்ந்து கிடக்கும் மேட்டுப் புறம்போக்கு. கடல் அதன் இடுப்புவரை வந்து திரும்பியிருந்தது. ஆடு மாடெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டதால் புல்லைக் கடிக்க வாயில்லை. மனிதர்கள் போய்க் கடித்தார்கள்.

முதல் நாள் குனிந்து புல் பறித்தபோது எல்லாருக்கும் வெட்கமாக இருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் திரும்பி நின்று மென்றார்கள். அருகம்புல் இனிப்பாக இருந்தது. பூவரசு இலை வழவழத்தது. உமரி உப்பாக இருந்ததால் அதை மற்றதோடு சேர்த்துத் தொட்டுக்கொண்டார்கள். வெகுநேரம் மெல்ல வேண்டும். மென்றபிறகு நிழலில் படுக்க வேண்டும். வயிற்றுக்குள் உரல் உருட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். வாயு பிரிவதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை என்று தெருவே சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தது. "எங்கண்ணன் விட்டா தெக்கால நிக்கிற படகு கரைக்கு வந்துரும்" என்பாள் அபிராமி.

இலைவயிறு என்று அதற்குப் பேர் வைத்தது அவள்தான்.

காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். அதோடு சாப்பாட்டு வேலை முடிந்தது. மீதிப் பகலை என்ன செய்வதென்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. சும்மா இருப்பது என்றால் என்னவென்றே பழகாத உடம்புகள். பிறகு பழகின. வாய்க்காலில் தூண்டில் போட்டார்கள். கெளுத்திக்கும் கெண்டைக்கும் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் பெண்களின் தலைக்குப் பேன் பார்த்தார்கள். கோகிலா ஒரு நாள் புன்னை மரத்தடியில் மல்லாந்து படுத்திருந்தபோது, இடுப்புக்கு மேலே ஒரு சாண் தூரத்துக்கு எதுவோ காணாமல் போனது போல் இருந்தது. தடவிப் பார்த்தாள். வலி இல்லை. வயதுக்கு வந்த வருஷத்திலிருந்து கூடவே இருந்த வலி.

அப்போது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷமும் அது தன் முதுகின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பண்ணை மறுபடி எழுந்தது. உப்புத் தாங்கும் நெல் வந்தது. ஆனால் கடல் குடித்த மண்ணில் எந்திரம் இறங்கவில்லை. இறங்கிய நடவு எந்திரம் அச்சுவரை புதைந்து, அதை இழுக்கப் போன டிராக்டரும் புதைந்தது. ஆள் புதைய மாட்டான், புதைந்தாலும் அடுத்த ஆள் வருவான் என்பது அந்தத் தொழிலின் பழைய கணக்கு. தனசேகர் மோட்டார் சைக்கிளில் திடலுக்கு வந்தார். நல்ல மனிதர், யாரையும் வாடா போடா என்று பேசியதில்லை. அதுதான் அவரிடம் இருந்த ஆபத்து.

"மதன், நடவு தொடங்கிட்டோம். ஆளுங்களைக் கூட்டிட்டு வாப்பா."

மதன் படுத்தபடியே மென்றுகொண்டிருந்தான். "எதுக்கு சார்?"

"கூலி ஏத்தியிருக்கோம்."

"கூலி எதுக்கு சார்?"

"இது என்ன கேள்வி. சாப்பிட வேணாமா?"

மதன் கையெட்டும் தூரத்தில் ஒரு பிடி புல்லைப் பறித்து அவரிடம் நீட்டினான். "சாப்புடுறீங்களா?"

தெருவே சிரித்தது. தனசேகரும் சிரித்துக்கொண்டுதான் போனார்.

அந்த வருஷம் பண்ணையில் நட்டது பாதி நிலம். அடுத்த வருஷம் அதிலும் பாதி. இலைவயிறு கடைமடை ஊர்களுக்கெல்லாம் பரவியிருந்தது. தொலைக்காட்சியில் ஒருவர் இது மனித இயல்புக்கு மாறானது என்றார். இன்னொருவர் உழைப்பின் மதிப்பு அழிகிறது என்று கண் கலங்கினார். அவர் கையில் காய்ப்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் குப்பிகளுக்குத் தடை வந்தது. நிரஞ்சனாவின் ஆய்வுக்கூடத்தை மூடினார்கள். வாய்க்கால் கரைகள் இரண்டையும் பண்ணை கம்பி வேலிக்குள் கொண்டுபோனது. அறுத்த வயலில் போரடித்துக் கிடந்த வைக்கோலை இவர்கள் தின்றுவிடக் கூடாது என்று அங்கேயே கொளுத்தினார்கள். மாட்டுக்குக்கூட இல்லாமல் கொளுத்தினார்கள். கடைசியில் தென்னோடைக்கு மிஞ்சியது திடல் ஒன்றுதான்.

நிரஞ்சனா விடைபெற வந்த அன்று கோகிலாவுக்கும் அபிராமிக்கும் கையில் குழந்தை. கோகிலாவுக்கு மகன், மித்ரன். அபிராமிக்கு மகள், கயல். அபிராமியின் புருஷன் கயல் பிறக்கும் முன்பே கப்பல் வேலைக்கென்று போனவன், திரும்பவில்லை.

"குப்பி இனிமே கிடைக்காது" என்றாள் நிரஞ்சனா. "ஆனா அது தாய்ப்பால் வழியாப் போகுது. நீங்க மென்ன தழையைக் கிளி மாதிரி வாயில குடுங்க. தானாப் பிடிச்சுக்கும். ஒண்ணு மட்டும் சொல்றேன். அது பிடிக்கிற வரைக்கும் சோறு, கஞ்சி, எந்த மாவும் வேண்டாம். மாவு போனா வேற கிருமி வந்து அந்த இடத்தைப் பிடிச்சுக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியலை. தெரிஞ்சுக்கறதுக்குள்ள மூடிட்டாங்க."

மூவரும் கொஞ்ச நேரம் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நிரஞ்சனாவுக்குப் போக மனமில்லை.

"ஒரு காலத்துல மனுஷங்க எல்லாருமே இப்படித்தான் இருந்தாங்க கோகிலா. பயிர் வைக்கிறதுக்கு முன்னாடி. வேட்டையாடினாங்க, கிழங்கு தோண்டினாங்க, கிடைச்சதைத் தின்னாங்க. மிச்ச நேரம் படுத்திருந்தாங்க. அப்புறம் விதைக்க ஆரம்பிச்சாங்க. அந்தக் கால எலும்பைத் தோண்டிப் பார்த்தா, விதைக்க ஆரம்பிச்ச ஆளு பல எடத்துல குட்டையாயிட்டான். பல்லு சொத்தை. மாவரைச்ச பொம்பளைங்களுக்கு முழங்கால் தேஞ்சிருக்கு, கால் பெருவிரல் வளைஞ்சிருக்கு."

"பின்ன ஏன் அதை விட்டாங்க?"

"அதுக்கு ஆளாளுக்கு ஒரு பதில் வச்சிருக்காங்க."

"எவனாவது அடிச்சிருப்பான்" என்றாள் கோகிலா. "அடிக்காம எவன் குனிவான்?"

மித்ரனுக்குப் பல் முளைத்தது. ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குப் பல் எட்டிப் பார்க்கும்போது பெரியாச்சி கோயில் வாசலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து முதல் சோறு ஊட்ட வேண்டும். ஊட்டாத பிள்ளைக்கு வாழ்நாளெல்லாம் சோறு கிடைக்காது என்பார்கள். ஊட்டிய பிள்ளைகளுக்கும் கிடைத்ததில்லைதான். இருந்தாலும் யாரும் விட்டதில்லை.

"டாக்டரம்மா சொன்னதை மறந்துட்டீங்களா அண்ணி?" என்றாள் அபிராமி.

"ஒரு வாய் சோத்துல என்னாடி ஆயிரும்?"

"ஆயிரும்னுதானே சொன்னாங்க."

"இங்க பாரு அபி. நான் பொறந்ததுலேருந்து நெல்லுக்குள்ள நின்னவ. எங்காத்தா நெல்லுக்குள்ள நின்னு செத்தவ. நான் ஊட்டுற மொத வாயி புல்லா இருக்கணுமா? மேலத்தெருவுல என்னா சொல்றாளுவ தெரியுமா? கன்னுக்குட்டி எப்படி இருக்குன்னு கேக்குறாளுவ. எம் புள்ளையக் கேக்குறாளுவ."

"கேட்டுட்டுப் போறாளுவ. கன்னுக்குட்டி குனிஞ்சு நாத்து நடுதா?"

கோகிலாவுக்கு முகம் சிவந்தது. "ஒம் மவளையும் தூக்கிட்டு வா. ஒங்கண்ணன் மடியில உக்கார வச்சு ஊட்டுவோம். தாய்மாமன் இருக்கையில புள்ளையப் பட்டினி போட்டாங்கன்னு பேராவ வேணாம்."

"வேணாம் அண்ணி. எனக்கு அந்தச் சீரு வேணாம்."

அபிராமியை எல்லாரும் கேலி செய்தார்கள். படிக்காதவளுக்கு டாக்டர் புத்தி வந்துவிட்டது என்றார்கள். விஷயம் தெரிந்து தனசேகர் ஒரு பித்தளைத் தவலை நிறையப் பச்சரிசி அனுப்பியிருந்தார். கேட்காமலே அனுப்பினார். கோகிலாவின் தம்பி பக்கத்து ஊரிலிருந்து புதுச்சட்டையோடு வந்து மித்ரனை மடியில் வைத்துக்கொண்டான். குழைந்த சோறு, கொஞ்சம் வெல்லம். குழந்தை முதலில் துப்பியது. இரண்டாம் வாய்க்கு நாக்கைச் சப்புக்கொட்டியது. மூன்றாம் வாய்க்குத் தானாகவே வாயைத் திறந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். கோகிலா அழுதாள். பண்ணையில் ஒரு நாளும் அழாதவள்.

ஒரு வாய் என்று தொடங்கியது. சோறு தின்ற குழந்தை ராத்திரி முழித்து அழவில்லை. மார்பைக் கடிக்கவில்லை. ஒரு மணி நேரம் தழையை மென்று ஊட்டுவதைவிட ஒரு கிண்ணம் கஞ்சி சுலபமாக இருந்தது. தனசேகர் பிள்ளைகளுக்கென்று சத்துமாவு அனுப்பினார். தெருவில் பிள்ளை பெற்ற அத்தனை பேரும் வாங்கினார்கள். எல்லாரும் ஊட்டினார்கள். பிள்ளைகள் கொழுகொழுவென்று ஆனார்கள். கோகிலாவுக்குப் பால் வற்றியது. அவளும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மித்ரன் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் மாவு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

கோகிலா புல்லை மென்று ஊட்டினாள். மித்ரன் வாந்தியெடுத்தான். கீரையாக அவித்துக் கொடுத்தாள். வயிற்றாலே போனது, அதில் ரத்தம் கலந்திருந்தது. திடலில் கயல் தன் அம்மாவின் பக்கத்தில் குந்தி, இரண்டு கையாலும் அருகம்புல்லைப் பிடுங்கி, ஒரு கிழவியின் நிதானத்தோடு மென்றுகொண்டிருந்தாள்.

நிரஞ்சனா எங்கோ வடக்கே வேறு வேலையில் இருந்தாள். செல்போனில் பிடித்தார்கள்.

"இடம் போயிடுச்சு கோகிலா. சோத்துக் கிருமி பிடிச்சுக்கிச்சு. இனிமே அவனுக்குத் தானியம்தான்."

"மாத்த முடியாதா?"

கயல் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள் நிரஞ்சனா.

"முடியுமா முடியாதான்னு சொல்லுங்கம்மா."

"குடல் காலியாகணும். உங்களுக்கு மண்டபத்துல ஆன மாதிரி. அதுக்கப்புறம் இலைவயிறு உள்ள யாராவது பால் குடுத்தா ஒருவேளை பிடிக்கலாம். ஆனா அவன் குழந்தை. தாங்குவான்னு நான் சொல்ல மாட்டேன். செய்யுங்கன்னும் சொல்ல மாட்டேன்."

அபிராமி கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குப் பால் இருக்கு அண்ணி. கயலுக்குப் போக மிச்சம் இருக்கு. நான் குடுக்குறேன்."

மதன் அன்றைக்கு வீட்டில் இருந்த கடைசி அரிசியை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். கண்ணில் படக் கூடாது என்பதற்காக. தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள். மித்ரன் முதலில் கேட்டான். பிறகு அழுதான். பிறகு பானையைத் தானே போய்த் திறந்து பார்த்தான். காலியான பானைக்குள் தலையை விட்டு "அம்மா, சோறு" என்றான். பானைக்குள்ளிருந்து அந்தக் குரல் வேறு யாருடைய குரலோ போல வந்தது. மதன் வெளியே போய்விட்டான். அடுத்த நாள் பிற்பகலில் பிள்ளை எழுந்து நின்றான். நின்றவனுடைய முழங்கால் இரண்டும் மடங்கின.

கோகிலாவுக்கு அது போதும். பக்கத்து வீட்டுக்கு ஓடி, கொடுத்த அரிசியையே பிடுங்கிவந்து வடித்தாள்.

"இன்னும் ரெண்டு மூணு நாளு அண்ணி" என்று அபிராமி வாசலில் நின்று சொன்னாள். "பல்லக் கடிச்சுக்குங்க. அப்புறம் சாகுற வரைக்கும் எவன்கிட்டயும் போவ வேணாம் அவன்."

"ஒம் மவளப் போடு பட்டினி. போட்டுட்டு வந்து எங்கிட்டச் சொல்லு."

அபிராமி வாசலிலிருந்து இறங்கிப் போனாள். அன்றைக்கே சொன்னேனே என்று கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. அதனாலேயே கோகிலாவால் அவளைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை கோகிலா பண்ணை வாசலில் நின்றாள். அவளுக்கு முன்பே தெருவில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் பிள்ளை பெற்றவர்கள். தனசேகர் யாரையும் குத்திப் பேசவில்லை. நாற்றுக்கட்டு எங்கே இருக்கிறதென்று மட்டும் காட்டினார்.

"மாவை ஏன் சார் நிறுத்துனீங்க?" என்று கேட்டாள் கோகிலா.

"நன்கொடைதானேம்மா. எத்தனை நாளைக்குக் குடுக்க முடியும்?"

"தெரிஞ்சுதானே குடுத்தீங்க. எங்க புள்ளைங்க வயித்தக் கட்டிப்போடத்தானே."

பொய் சொல்லும் அவசியம் அவருக்கு இருக்கவில்லை. "முதல் தவலை அரிசி தெரியாமத்தான் குடுத்தேன். நல்ல நாளாச்சேன்னு. அப்புறம் நடக்கிறதைப் பார்த்தேன். தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா ஊட்டுனது நான் இல்லைம்மா."

அவள் வயலில் இறங்கினாள். முதல் வரிசை முடிவதற்குள் பழைய வலி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அவளைக் குனியவைக்க யாரும் அடிக்கவில்லை. யாராவது அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பாள். அந்த ஆத்திரத்தில், ஆதியில் எவளோ ஒருத்தி பிள்ளை அழுகிறதென்று புல்லரிசியைச் சேர்த்து அவித்துக் கஞ்சி ஊட்டியிருப்பாள், அவ்வளவுதான் நடந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஊட்டியவளைத் திட்ட வாயெடுத்தாள். வாய் வரவில்லை.

ஒரு பருவம் போனது. மதனால் பொறுக்க முடியவில்லை. அவனும் பெண்டாட்டியோடு சேற்றில் நின்றான். வயிற்றுக்குத் தேவையில்லாத வேலையை வயிறில்லாதவன் மாதிரிச் செய்தான். ஒரு சாயங்காலம் தெருவில் எல்லாரையும் கூட்டினான்.

"எத்தனை நாளைக்கு அவன் வயல்ல நட்டு அவன் அளந்து போடுறத வாங்கிட்டு வர்றது? திடலு நம்ம திடலு. புறம்போக்கு. உப்பு ஏறாத மண்ணு. வெட்டிக் கரை போட்டு நாமளே நடுவோம். நம்ம புள்ளைக்கு நாம வெளைய வைப்போம், நாமளும் அதையே தின்னுக்குவோம். எவன் வாசல்லயும் நிக்க வேணாம்."

கைதட்டினார்கள். இத்தனை தலைமுறையாகக் கீழத்தெருவில் யாரும் சொல்லாத பேச்சு அது. கோகிலாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் புருஷனை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பது போல் பார்த்தாள்.

பிள்ளையில்லாத சிலரும், அபிராமி போலச் சோறு ஊட்டாத சிலரும் கூட்டத்தின் ஓரத்தில் இருந்தார்கள்.

"திடல வெட்டிட்டா நாங்க எங்கண்ணே மேயுறது?" என்றாள் அபிராமி. மேய்வது என்ற சொல்லை அவள் வேண்டுமென்றே சொன்னாள்.

"பாதி விட்டுர்றோம் அபி."

"தண்ணி பாதியில நிக்குமாண்ணே?"

அவள் சொன்னதுதான் நடந்தது. கரை போட்டுத் தண்ணீர் கட்டியதும் விட்டுவைத்த பாதியில் அருகு அழுகியது. கோரை மட்டும் நின்றது. புன்னை மரத்தை நிழல் விழுகிறதென்று வெட்டினார்கள். மண்வெட்டியும் கையுமாக, பிள்ளைகளை வரப்பில் உட்காரவைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டினார்கள். பண்ணை தடுக்கும் என்று கம்போடு காத்திருந்தார்கள். தனசேகர் வந்தார். கூடவே டிராக்டர் பெட்டியில் விதைநெல் மூட்டைகள் வந்தன.

"நாங்க ஒங்களுக்குப் போட்டியா நடுறோம் சார்" என்றான் மதன், நம்ப முடியாமல்.

"நடுங்கப்பா. நல்லா நடுங்க. உழுறவன் எங்களுக்குப் பகையாளி இல்லை. உழுறவனுக்கு விதை வேணும், உரம் வேணும், மழை பொய்ச்சா எங்க வாசல் வேணும். புன்னை மரத்தடியில படுத்திருந்தியே, அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வரலை."

மதன் அந்த விதையைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். வேறு விதை இல்லை.

நாற்றங்கால் பச்சையாக எழும்பியது. இளம் நாற்று என்பது புல்தான். புல்லிலேயே மெல்லியது, இனிப்பானது. திடலில் வேறு புல் மிச்சமில்லை. இலைவயிற்றுக்காரர்களில் யாரோ இரவோடு இரவாக ஒரு பாத்தியை மேய்ந்துவிட்டுப் போனார்கள். நேற்றுவரை சேர்ந்து மென்றவர்கள். மதன் கருவைமுள்ளை வெட்டிவந்து சுற்றிலும் வேலி கட்டினான். பண்ணையின் கம்பி வேலியைப் பார்த்து எத்தனை நாள் காறித் துப்பியிருப்பானோ, அதே நேர்த்தியோடு கட்டினான். முறைவைத்துக் காவல் நின்றார்கள்.

கோகிலாவின் முறை வந்த அன்று வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முள்ளுக்கு அடியில் சின்ன உடம்பு நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்திருக்க வேண்டும். அவள் திரும்பியபோது கயல் பாத்திக்குள் குந்தியிருந்தாள். இரண்டு கையாலும் நாற்றைப் பிடுங்கி, வேரைத் தட்டிவிட்டு, நிதானமாக மென்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பாய் அளவுக்கு மண் மொட்டையாகியிருந்தது. குழந்தை நிமிர்ந்து பார்த்தது. "அத்தை" என்றது. சிரித்தது. பல்லெல்லாம் பச்சை.

கோகிலாவுக்கு அந்த மொட்டை மண் மித்ரனின் ஒரு மாதத்துச் சோறாகத் தெரிந்தது. கையில் இருந்த விளாரால் அடித்தாள். மணிக்கட்டில் விழுந்தது. கயல் அழவில்லை. வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தது. அதைப் பார்க்க முடியாமல் கோகிலா இன்னொரு அடி அடித்தாள். "துப்பு. துப்புடி."

குழந்தை துப்பியது.

சத்தம் கேட்டு அபிராமி வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, முள்ளைக் காலால் ஒதுக்கி, மகளை இழுத்துக்கொண்டாள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். வீங்கியிருந்தது.

"சின்னப் புள்ள அண்ணி."

"தெரியும்."

"புல்லுன்னு நெனச்சுட்டா. புல்லுதானே அது."

"புல்லு இல்ல. நெல்லு." கோகிலாவின் குரல் அவளுக்கே தெரியாத குரலாக இருந்தது. "எம் புள்ள சோறு."

"ஒங்க புள்ளைக்குச் சோறு வேணும். சரி. எம் புள்ளைக்கு?"

"கோரை இருக்குல்ல."

"அது ஒங்களுக்கு ஆவுமா அண்ணி? முன்ன தின்னீங்களே, ஆச்சா? அதத் தின்னா வாயெல்லாம் அறுத்துரும்."

கோகிலா விளாரைக் கீழே போடவில்லை. போட வேண்டும் என்று நினைத்தாள். கை விடவில்லை.

அன்றைக்கே கிளம்பினார்கள். அபிராமியும் கயலும், அவர்களைப் போல இன்னும் ஐந்தாறு குடும்பமும். வடக்கே ஆற்றுப் படுகையில் நாணல் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்கும் வடக்கே காடு இருப்பதாகவும் சொன்னார்கள். அதுவும் யாருடையதாகவாவது இருக்கும். மதன் தங்கையின் பின்னால் வாய்க்கால் மதகுவரை நடந்தான். அபிராமி திரும்பவில்லை. கயல்தான் அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மதன் திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினான். அந்த வருஷம் திடல் நன்றாக விளைந்தது. மித்ரன் வயிறு நிறையத் தின்றான். கோகிலாவுக்கு அடுத்த பிள்ளை சீக்கிரமே வயிற்றில் தங்கியது. அதற்கும் வேண்டும் என்று மதன் கரையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டான்; விட்டுவைத்த கோரையும் போனது. ஊரில் இதைப் பெருமையாகப் பேசினார்கள். கீழத்தெருவுக்கு நிலம் வந்துவிட்டது என்றார்கள். பொய்யில்லை.

ஆனால் அந்த நிலம் யாருடைய வாயிலிருந்து வந்தது என்று கோகிலாவுக்குத் தெரியும். சோறு வடிக்கும்போதும் தெரியும், பிசைந்து ஊட்டும்போதும் தெரியும். கயலுக்கு ஒரு திடல் தர வேண்டும். அருகும் பூவரசும் புன்னை நிழலும் உள்ள ஒரு முழுத் திடல். இன்னும் தரவில்லை.